பச்சைத் தோலும் பனிக்காற்றும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சென்றால், சமவெளியின் வெக்கை மெல்லத் தணிந்து, ஜவ்வாது மலைச் சரிவின் காடு இரு மருங்கும் நெருங்கி வரும் இடத்தில் அமிர்தி இருக்கிறது. 1967ஆம் ஆண்டில் ஏற்பட்ட வன உயிரினப் பூங்காவும், மழைக்காலத்தில் பெருகி வேனிலில் மெலிந்துவிடும் அருவியும் அவ்வூரின் பெயரை வேலூர்ச் சீமை முழுவதும் பரப்பியிருக்கின்றன. வார நாட்களை ஆம்பூரில் ஒரு தோல் ஆய்வுக்கூடத்திலும், விடுமுறை நாட்களை நண்பர் சிலருடன் பறை அடிப்பதிலும் கழிக்கும் வழக்கமுடைய நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாட்டுப் பொங்கலன்று அந்த மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாசிப்பதற்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தபோது கண்ட ஒரு சிறு விஷயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பிற்பகல் நான்கு மணிக்கு, வெயில் இன்னும் மலைமுகட்டில் தங்கியிருந்த வேளையில், ஒத்திகையாக இரண்டு அடி அடித்துப் பார்த்தபோது என் பறை கணீரென்று பேசிற்று. காட்டுச் சரிவில் மோதித் திரும்பிய எதிரொலியிலும் அந்தக் கூர்மை மங்கவில்லை. பொழுது சாய்ந்து, ஓடைப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று எழும்பி, புல்லின்மேல் பனி இறங்கத் தொடங்கிய எட்டு மணிக்கு, அதாவது நிகழ்ச்சி தொடங்க வேண்டிய அதே நேரத்தில், பறையும் குச்சிகளும் கையும் மாறாதிருக்க, ஓசை மாத்திரம் நனைந்த சாக்கைத் தட்டியது போலத் தொய்ந்துவிட்டது. எங்களுடன் வந்திருந்த இன்னொரு நண்பர், பொழுதுபோக்காக மேற்கத்திய டிரம் செட் வாசிப்பவர், தம்முடைய வாத்தியங்களை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அவை நான்கு மணிக்கு எப்படி ஒலித்தனவோ ஏறத்தாழ அப்படியே எட்டு மணிக்கும் ஒலித்தன. நான் திகைத்து நிற்பதைக் கண்ட அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், "தோலு குளுந்து பூட்ச்சு தம்பி, காச்சிக்கினு வந்து அடி" என்று சொல்லி, தாமே ஒரு பிடி வைக்கோலைக் கொண்டுவந்து மேடையின் பின்புறம் போட்டார். பறையைக் காய்ச்சவேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் நாலரை மணி நேரம் வெயிலில் உலர்ந்திருந்த தோலை மலைக்காற்று இத்தனை விரைவில் வென்றுவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோலையே தொழிலாகக் கொண்டவன் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணியே அன்றிலிருந்து இவ்விஷயத்தைப் பற்றி யோசிக்கலானேன். பறைக்காரனின் சாதனங்கள் என்று கேட்டால் பறை, இரண்டு குச்சி, தோளில் மாட்டும் வார் என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுவோம். நாலாவதாகச் சொல்ல வேண்டியதும், மற்ற மூன்றையும் ஆளுவதும், சுற்றியுள்ள காற்றிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்தான்.

இந்தப் பாலாற்றுப் பக்கத்தில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் நாட்டில், டிரம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் மனத்தில் தோன்றுவது வாத்தியம் அன்று. தோல் ஷெட்டுக்குள் நீரும் மருந்தும் தோலும் ஒன்றாய்ப் புரள, மெல்லச் சுழன்றுகொண்டேயிருக்கும் மாபெரும் மரப் பீப்பாயைத்தான் இங்கே டிரம் என்கிறோம். வந்து சேரும் உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் இட்டு, மயிரைக் களைந்து, உட்புறத்தில் ஒட்டிய சதையைச் சீவி எடுக்கும் வரைக்கும், செருப்புக்குப் போகும் தோலுக்கும் வாத்தியத்துக்குப் போகும் தோலுக்கும் பாதை பெரும்பாலும் ஒன்றே. அவ்விடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. செருப்புக்குரிய தோல் டிரம்முக்குள் போய்ப் பதனிடப்படுகிறது. வாத்தியத்துக்குரிய தோலோ கழுவப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டு, வெயிலில் உலர்ந்து, பதனிடப்படாத பச்சைத் தோலாகவே கடைசிவரை இருந்துவிடுகிறது. உலகத்தின் புகழ் பெற்ற தோல் ஊர்களில் ஒன்றான ஆம்பூர், தன் கைத்திறன் முழுவதையும் செலவிட்டுப் பதனிட்டுத் தரும் மிக உயர்ந்த தோலைக் கொண்டுவந்து ஒரு பறையில் ஒட்டினாலும், அதிலிருந்து எழுவது தொப்பென்ற ஓசைதானே தவிர நாதம் அன்று. இது ஏன் என்பதை அறிய, தோல் என்ற பதார்த்தத்துக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

மயிரும் கொழுப்பும் நீங்கிய தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பை முதலில் சரியான வழியில் எடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞரான கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. கங்காரு வாலின் தசைநாண் போன்ற கொலாஜன் மாதிரிகளின் வழியே எக்ஸ்-கதிர்களைச் செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு, மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே இழையாகின்றன என்று 1954இல் அவர்கள் வெளியிட்ட கருத்து, மறு ஆண்டிலேயே மேலும் செம்மை செய்யப்பட்டு, இன்று பாடநூல்களெல்லாம் ஏற்றுக்கொண்ட உண்மையாகிவிட்டது. மூன்று பிரியைச் சேர்த்துத் திரித்த தேங்காய் நார்க் கயிற்றை நினைத்துக்கொண்டால் போதும். அவ்விதமான நுண்கயிறுகள் பல சேர்ந்து இழையாகவும், இழைகள் பல சேர்ந்து நாராகவும், நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிப் பிணைந்து தோலாகவும் ஆகின்றன. இந்தக் கயிறுகளுக்கு இடையே நீர் மூலக்கூறுகள் புகுந்து உட்காருவதற்கு ஏராளமான இடம் உண்டு. கொலாஜனும் நீரை விரும்பி ஏற்கும் சுபாவமுடையது.

பதனிடுதல் என்பது இந்த நார்களுக்கிடையே பாலம் போடும் வேலை. அமிர்திக்குப் போகும் வழியெல்லாம் கரம்பில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியின் பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருளும், கடுக்காயின் துவர்ப்பும் அப்பாலத்தை முற்காலத்தில் அமைத்துத் தந்தன. இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு அதைச் செய்கிறது, தோலும் நீலம் பாய்ந்து வெட் புளூ என்ற பெயருடன் வெளிவருகிறது. பாலம் ஏற்பட்ட தோல் அழுகாது. குரோமிய உப்பால் பதனிட்டதாயின், நனைந்த நிலையில் கொதிநீரின் உஷ்ணத்தையும் தாங்கும். உலரும்போது அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்கும். பிறகு ஏற்றப்படும் எண்ணெயின் உதவியால் அவை வழுக்கி அசையும். காலுக்கு இதமாய் வளைந்து கொடுக்கும் செருப்புக்கு இதுதான் வேண்டும். ஆனால் நார்கள் உள்ளுக்குள்ளே உராய்ந்து அசையும் பொருள், தன்மேல் விழும் அடியின் சக்தியை வெப்பமாக்கி விழுங்கிவிடும். பச்சைத் தோலோ உலரும்போது நார்கள் ஒன்றோடொன்று கோந்திட்டதுபோல் ஒட்டி, விறைத்து, விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் தகடுபோல் ஆகிவிடுகிறது. அடியின் சக்தியை அது விழுங்காமல் அதிர்வாகவே திருப்பித் தருகிறது. நாதத்துக்கு உதவும் இந்தக் குணமும், நீரைக் கண்டால் தளர்ந்துபோகும் பலவீனமும், பாலம் இல்லாமை என்ற ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. ஆகையால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க முடியாது.

இனி அந்தத் தோல் வாத்தியமாகும் விதத்தைப் பார்ப்போம். பறையின் உடல் மரச்சட்டம். மூன்று வளைந்த துண்டுகளை இணைத்து, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையமாகச் செய்கிறார்கள். ஊறிய தோலை அதன்மேல் இழுத்துப் போர்த்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நிழலிலும் வெயிலிலும் மாற்றி உலர்த்துகிறார்கள். மிருதங்கத்துக்கு வாரும் கட்டையும் உண்டு, டிரம் செட்டுக்குத் திருகாணி உண்டு. பறையின் தோலை இழுத்துப் பிடிப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. ஈரம் வெளியேற வெளியேறத் தோல் சுருங்க முயலுகிறது, ஓரத்திலுள்ள பசையும் மரமும் விடமாட்டேன் என்கின்றன, அந்தப் போராட்டமே விறைப்பாக நின்றுவிடுகிறது. ஆகவே பறையின் விறைப்பை நிர்ணயிப்பது உலர்வு ஒன்றே. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக எண்ணுகிறது. மலைநிலமான குறிஞ்சிக்குரியது தொண்டகப் பறை. அவ்வளவு பழமையும் மதிப்பும் பெற்றிருந்த ஒரு கருவி, பிற்காலத்தில் அதைச் செய்தவர்களையும் அடித்தவர்களையும் ஊருக்கு வெளியே நிறுத்தி இழிவுபடுத்துவதற்கே அடையாளமாக ஆக்கப்பட்டது என்பது நம் சமூகத்தின் பெரிய பிழை. தோலைத் தொட்ட கையை விலக்கியவர்கள் அந்தத் தோலின் ஓசையை மட்டும் சாவுக்கும் திருவிழாவுக்கும் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அக்கைகள் இந்தப் பதார்த்தத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருந்ததை நான் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டு கழித்தே கற்றேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மதுரைப் பக்கத்துப் பறையாசிரியரான வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, கலைக்காக மாத்திரம் ஏற்பட்டதன்று.

விறைத்த தோலை அடித்தால் என்ன நிகழ்கிறது? வீணைத் தந்தியை மீட்டினால் அது முழுதாகவும், இரண்டாகவும், மூன்றாகவும் பிரிந்து ஒரே சமயத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்று முழு எண்களின் விகிதத்தில் இருப்பதால் நம் செவி அவற்றை ஒரே ஸ்வரமாகக் கேட்கிறது. வட்டமான தோல் அப்படி அதிர்வதில்லை. அதன் முதல் அதிர்வை 1 என்று கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று, எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத பின்னங்களாகவே வருகின்றன. பறையோசையில் வேகமும் வீறும் இருந்து, பாடகர் பிடித்துக்கொள்ளத்தக்க ஸ்வரம் தெளிவாக இல்லாமலிருப்பதற்குக் காரணம் இதுவே. இவ்வதிர்வுகளைக் கண்ணாலேயே காணலாம். பறையின் பின்புறம் திறந்திருப்பதால், ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கீழே வைத்து, பறையைத் தோல் மேலாக இருக்கும்படி அதன்மேல் சற்று உயர்த்திப் பிடித்து, உலர்ந்த ஆற்று மணலைச் சலித்து மெல்லத் தூவி, கைப்பேசியிலிருந்து ஒரே ஸ்வரத்தை எழுப்பி அதைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனால், குறிப்பிட்ட சில இடங்களில் மணல் திடீரென்று துள்ளி ஓடி, அசைவற்ற கோடுகளில் போய்ச் சேர்ந்து, ஒரு சமயம் வட்டமாகவும், மறு சமயம் நடுவே ஓடும் விட்டமாகவும், பிறகு நான்கு கூறுகளாகவும் கோலமிடுகிறது. இப்பரிசோதனையை நான் முதலில் செய்து பார்த்த இரவு, வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

குச்சிகளின் ரகசியமும் இதற்குள் அடங்கியிருக்கிறது. பறைக்கு இரண்டு குச்சி: வலக்கையில் பருமனும் குட்டையுமான அடிக்குச்சி, இடக்கையில் மூங்கிலைச் சீவிச் செய்த நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. கனமான குச்சி தோலின்மேல் சற்று அதிக நேரம் தங்குகிறது. தங்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் வேகமான அதிர்வுகளை அது தானே அமுக்கிவிடுவதால், மெதுவான, கனத்த அதிர்வுகள் மேலோங்குகின்றன. மெல்லிய மூங்கிலோ பட்ட கணமே விலகிவிடுவதால் மேலான அதிர்வுகளெல்லாம் சிதறிப் பறக்கின்றன. நடுவில் அடித்தால் முதல் அதிர்வு வலுப்பெறுகிறது. ஓரத்துக்குப் போகப் போக அது குன்றி, நடுவே கோடு விழும் அதிர்வுகள் தலையெடுக்கின்றன. ஒரே தோலிலிருந்து இத்தனை சொற்கள் பிறப்பது இப்படித்தான்.

தோலின் இந்த ஒழுங்கின்மையை ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெருமை நம் மிருதங்கத்துக்கு உண்டு. அதன் வலப்புற முகமான வலந்தலையின் நடுவே படிப்படியாக அப்பி வைக்கும் கரணை என்ற பசை, மையத்தைக் கனமாக்கி, ஒன்பது விதமான அதிர்வுகளை ஐந்து ஸ்வரங்களுக்குள், அதுவும் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்தில், கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை 1920இல் நேச்சர் இதழில் அறிவித்து, 1934இல் மணற்கோலங்களின் படங்களோடு விரிவாக எழுதினார். கொலாஜனின் முறுக்கைக் கண்ட இராமச்சந்திரன் பெங்களூரில் இந்த இராமனிடமே பயின்றவர். ஆசிரியர் தோலின் ஓசையை விளக்க, மாணவர் தோலின் உடலை விளக்கியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஒரு பறையைக் கையில் எடுக்கையில் அவ்விருவரையும் சேர்த்தே எடுப்பதாக எனக்குத் தோன்றும்.

அமிர்திக்குத் திரும்புவோம். தோலின் சுருதி மூன்று விஷயங்களைப் பொறுத்தது: விட்டம், விறைப்பு, எடை. விட்டம் மாறுவதில்லை. விறைப்பு இரட்டித்தால் அதிர்வெண் இரண்டின் வர்க்கமூலமான 1.41 மடங்கு உயரும். விறைப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சுருதி நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம், இறங்கிவிடும். எடை கூடினாலும் சுருதி இறங்கும். இப்போது பனிக்காற்று செய்வதைக் கவனியுங்கள்: நீர் நார்களுக்கிடையே புகுந்து அவற்றைப் பருக்கச் செய்வதால் விறைப்பு தளர்கிறது, உட்கொண்ட நீரின் எடை தோலின் எடையோடு சேர்கிறது, ஈரம் ஏறிய நார்கள் உராய்வதால் அதிர்வு சீக்கிரம் மடிகிறது. மூன்று கெடுதலும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் வருகின்றன. சாதாரண நாளிலேயே பச்சைத் தோல் தன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீரைச் சுமந்திருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த இரவில் அது இன்னும் வெகுவாகக் கூடும். தோல் தடிப்பில்லாதது, பின்புறமும் திறந்தது. ஆகையால் இரு முகங்களின் வழியாகவும் நீர் உள்ளே இறங்குவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

காய்ச்சுதல் இதற்கு மாற்று. தீயின் சூடு தோலை நேரடியாக இறுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சூடு, தோலைத் தொட்டு நிற்கும் காற்றைத் தாகமுள்ளதாக்குகிறது. 18 டிகிரியில், கொள்ளக்கூடிய நீராவியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கொண்டிருக்கும் மலைக்காற்றை, அதே நீராவியோடு 45 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்கும் கீழே போய்விடுகிறது. அந்தத் தாகமுள்ள காற்று தோலிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது, தோல் மறுபடியும் சுருங்க முயன்று விறைக்கிறது. ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. நன்றாக நனைந்த பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரி உஷ்ணத்திலேயே, கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து, திடீரெனச் சுருண்டு, பசைபோல் ஆகிவிடும். முறுக்கு அவிழ்ந்த கொலாஜன்தான் நாம் ஜெலட்டின் என்பது. உலர்ந்த தோல் அதைவிட மிக அதிகமான உஷ்ணத்தையும் தாங்கும். ஆகையால் ஈரம் மிகுந்திருக்கும்போதுதான் தோல் தீக்கு மிகவும் அஞ்சவேண்டும். அவசரப்பட்டு, குளிர்ந்த பறையை எரியும் தீயருகே நீட்டுகிறவன் அதன் உயிரையே பறித்துவிடுகிறான்.

அன்றிரவு அந்தப் பெரியவர் செய்ததைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் சடசடவென்று எரிந்தபோது அவர் பறையைக் கிட்டக் கொண்டுபோகவே இல்லை. நெருப்பு தணிந்து கங்கும் சாம்பலும் ஆன பிறகு, முழங்கை நீளத்துக்கு அப்பால் பிடித்து, முன்முகத்தையும் பின்முகத்தையும் மாறி மாறிக் காட்டி, ஒரே இடத்தில் சூடு தங்காமல் வட்டமாகச் சுழற்றி, இடையிடையே தோலைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு விரலால் சுண்டிக் கேட்டு, மறுபடியும் காட்டினார். கன்னம் தாங்குகிற சூட்டைத் தோலும் தாங்கும் என்பது அவருடைய அளவுகோல். கன்னத்துக்குப் பொறுக்கமுடியாத உஷ்ணம் 65 டிகிரிக்கு வெகுமுன்பே வந்துவிடுமாகையால், அது பிழையே இல்லாத அளவுகோல். முதலில் தொலைவில் பிடித்து ஈரத்தைப் போக்கி, உலர உலர நெருங்கிச் செல்வது என்ற அவருடைய வரிசையும், ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தோலைச் சோதிக்கும்போது கைக்கொள்ளும் எச்சரிக்கையோடு முற்றும் ஒத்திருந்தது.

நண்பரின் டிரம் செட் இந்தத் தொல்லைக்கெல்லாம் அப்பாற்பட்டு நின்றதற்குக் காரணம் அதன் தோல், தோலே அன்று. முன்னாளில் மேல்நாட்டு டிரம்களும் கன்றுத்தோலால்தான் போர்த்தப்பட்டன. மழைக்கால இரவுகளில் அங்குள்ளவர்களும் நம்மைப் போலவே அல்லற்பட்டார்கள். 1950களில் மைலார் என்ற பாலியெஸ்டர்த் தகடு வந்ததும், அமெரிக்காவில் ரெமோ பெல்லி முதலியோர் அதை வளையத்தில் பொருத்தும் வழி கண்டு, 1957 வாக்கில் கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தகடு தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு நீரைக்கூட ஏற்பதில்லை. அதோடு, ஓரமெங்கும் திருகாணிகள் இருப்பதால், சுருதி இறங்கினாலும் ஒரு சாவியால் எதிரெதிரே உள்ள ஆணிகளைச் சிறிது சிறிதாக முடுக்கி விறைப்பைச் சமமாக மீட்டுக்கொள்ளலாம்.

நண்பர் மேடையில் தம் வாத்தியங்களை அமைக்கும் முறையையும் சொல்ல வேண்டும். முதலில் விரிப்பதற்கு ஒரு பழைய கம்பளம். மிதிபலகையை உதைக்கும்போதெல்லாம் பெரிய பாஸ் டிரம் முன்னோக்கி நகர முயல்வதால், வழுக்கும் பலகைமேல் கம்பளமின்றி வாசிக்க முடியாது. அதன்மேல் இருக்கையை வைத்து, உயரத்தைச் சரி செய்து, அதில் உட்கார்ந்தபடியே மற்றவற்றையெல்லாம் கை எட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொள்கிறார்: 22 அங்குல பாஸ் டிரம், இரு முழங்காலுக்கு இடையே 14 அங்குல ஸ்நேர், முன்னே இரண்டு டாம், வலப்புறம் ஒரு பெரிய டாம், இடப்புறம் ஹை-ஹாட், மேலே பித்தளை போன்ற உலோகக் கலவையாலான தட்டுகள். 1909இல் லுட்விக் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த மிதிபலகை பரவியிராவிட்டால், மூன்று பேர் செய்யவேண்டிய இவ்வேலையை ஒருவர் உட்கார்ந்தபடி செய்வது எளிதாகியிராது. பாஸ் டிரம்முக்குள் ஒரு தலையணையை வைத்து அதன் முழக்கம் நீளாதபடி அடக்குகிறார். அந்த முழக்கம் பறையில் இல்லாததற்கும் காரணம் உண்டு: பறை பின்புறம் திறந்திருப்பதால், தோல் முன்னே தள்ளும் காற்றழுத்தமும் பின்னே உண்டாகும் குறைவழுத்தமும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, நீண்ட அலைகளாகிய மந்திர ஸ்தாயி ஒலிகளே இதில் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. ஆகவே இரண்டும் ஒரே மேடையில் சேரும்போது அடிமுழக்கத்தை டிரம் செட்டுக்கும், மேலே வெடிக்கும் கூர்மையைப் பறைக்கும் விட்டுவிடுவதே பொருத்தம்.

பறைக்கும் இப்போது பைபர் தோல் வந்துவிட்டது. சாரல் மழையிலும் அடிக்கலாம், தீ வேண்டாம். ஊர்வலத்தில் அடித்துப் பிழைப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களால் மழையைக் காரணம் காட்டிக் கூலியை இழக்க முடியாது. ஆனால் பச்சைத் தோலில் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னியிருப்பதும், இடத்துக்கு இடம் தடிப்பு மாறுவதும் தரும் செழுமை, எங்கும் ஒரே சீராக வார்க்கப்பட்ட தகட்டில் இல்லை என்பது என் செவியின் தீர்ப்பு.

நிற்கும் இடமும் சாதனங்களில் ஒன்றே. 18 டிகிரிக் குளிரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 342 மீட்டர் செல்லுகிறது. இருபது மீட்டர் தள்ளி நிற்பவன் என் அடியை 58 மில்லி செகண்டு தாமதித்துக் கேட்கிறான். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற கதியில் ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிளந்து அடித்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 125 மில்லி செகண்டுதான். அதில் பாதியளவைத் தாமதமே விழுங்கிவிடுகிறது. நீண்ட வரிசையாக நடக்கும் ஊர்வலத்தில் கடைசி ஆள் பின்தங்குவது அவன் குற்றமன்று. பறையாட்டக் குழுக்கள் வட்டமாக நின்று அடவு போடுவதில் எல்லோரும் எல்லோரையும் சமீபத்தில் கேட்கும் வசதி இருக்கிறது. அதே வட்டம் செவிக்கு ஆபத்தையும் தருகிறது: 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் பாதி நேரமே தாங்கும் என்ற கணக்கின்படி, 100 டெசிபலில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் கால் மணிதான். பஞ்சைத் திணித்தால் போதாது. காதுக்கென்று விற்கும் அடைப்பானைப் பயன்படுத்துங்கள் என்று இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் போன செவி திரும்புவதில்லை.

அன்று எட்டரை மணிக்கு, காய்ச்சிய பறையோடு மேடையேறினோம். முதற் பத்து நிமிஷம் அது நான்கு மணிப் பறையாகவே இருந்தது. இருபதாவது நிமிஷத்தில் ஓரம் மங்கிற்று. அரைமணியில் மறுபடியும் தொய்ந்துவிட்டது. நண்பர் முதலில் தம் டாமைப் பறையின் சுருதிக்கு முடுக்கினார், பறை இறங்க இறங்கத் தாமும் இறக்கினார், பிறகு சாவியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டாம் முறை காய்ச்சுவதற்கு நாங்கள் பின்புறம் போன இடைவேளையில் அவரே தனியாக வாசித்துக் கூட்டத்தை நிறுத்தி வைத்தார். அதிலிருந்துதான் எங்கள் நிகழ்ச்சி நிரலின் முறை பிறந்தது: காய்ச்சி எடுத்த உடனே பறை தனித்து நிற்கும் உருப்படிகள், அதற்குப் பிறகு இரண்டும் சேர்ந்தவை, தோல் குளிரத் தொடங்கியதும் டிரம் செட் மட்டும், அதற்குள் அடுத்த காய்ச்சல். இப்போதெல்லாம் மலைப்பக்கத்து ஊர்களுக்குப் புறப்படும்போது, பறைகளும் குச்சிகளும் வார்களும் கம்பளமும் காது அடைப்பான்களும் வண்டியில் ஏறிய பிறகு, கடைசியாக ஒரு கட்டு வைக்கோலும் ஏறுகிறது. அது நனையாமலிருக்கத் தார்ப்பாயைப் போர்த்துவது என் வேலை.